கனசதுரத்தின் பிடி

– இன்னொரு தடவை குதிச்சேன்னா காலை உடைச்சுடுவேன், சொல்லிட்டேன்.

– குதிச்சா அசையுமோன்னு பாத்தேன்க்கா. அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்தற?

– நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவுல அந்தரத்துல நிக்கறோம்டா. உன் உடம்புக்கு இங்க குதியாட்டம் வேற கேக்குதா? நம்மளைப் பிடிச்சு வெச்சிருக்கற பிரேக் மேல மோட்டார் ரூம்ல இருக்கு. நீ இங்க குதிச்சா கயிறுதான் ஆடும். பேசாம உட்காரு.

– எங்க உட்கார்றது? ஸ்ட்ரெச்சர்ல மணல் மூட்டை மகாராஜா மாதிரி படுத்திருக்கு.

– தள்ளிட்டு உட்காரு.

– எழுபது கிலோ பேஷன்ட்டைத் தள்ள முடியுமா? நானே கட்டின மூட்டைங்க. தலைக்கு ஒண்ணு, வயித்துக்கு ரெண்டு, காலுக்கு ஒண்ணு. வயித்து மேல ஒரு டம்ளர் தண்ணி. பாரு, இப்படி நின்னும் ஒரு சொட்டு சிந்தல. உன் பிரேக் பிரமாதமா பிடிச்சிருக்குக்கா.

– பிடிச்சது சரி. விடணுமில்ல?

– விடும் விடும். முதல்ல நீ மூச்சை இழுத்து விடு. மூஞ்சி வெளுத்துப் போச்சு.

– எனக்கு மூடின இடம் ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? இந்த ஃபேன் நிஜமாவே ஓடுதா, சும்மா சத்தம் மட்டும் போடுதா?

– ஓடுது. கையை மேல காட்டு, காத்து வருது பாரு. உனக்கு எப்ப இருந்துக்கா இந்தப் பயம்?

– பீரோவுக்குள்ள என்னை வெச்சுப் பூட்டிட்டு, ஒளிஞ்சு விளையாடறதையே மறந்துட்டு ஒருத்தன் தெருவுக்கு ஓடினான். அப்ப இருந்து.

– அது நடந்து முப்பது வருஷம் ஆச்சு.

– பூட்டினவனுக்கு முப்பது வருஷம் ஆச்சு. எனக்கு இப்பத்தான் நடக்குது. மணி என்ன?

– ஒண்ணுகூட ஆகல. மூணு மணிக்குத்தானே கையெழுத்து?

– மூணு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வந்துடுவாங்க. இந்த பிரேக்கை நம்பி நோயாளியை ஏத்தலாம்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் அவங்க லிஃப்ட்ல இதை ஓட்டலாம். அதுக்கு முன்னாடி நம்ம டெஸ்ட் லிஃப்ட்ல நானே ஒரு தடவை ஏறிப் பாத்துடலாம்னு வந்தது என் தப்பு. உன்னையும் கூட்டிட்டு வந்தது அதைவிடத் தப்பு.

– ஏழு வருஷமா அந்தக் கருப்புப் பவுடரைக் கட்டிக்கிட்டு அழுதிருக்க. கையெழுத்துப் போடற அன்னைக்குத் தம்பி பக்கத்துல இருக்கட்டும்னுதான் கூப்பிட்ட. இப்ப மாத்திப் பேசாத.

– மேடம், கேக்குதா மேடம்? ஆபரேட்டர் பேசறேன். கன்ட்ரோல் ரூம்ல இருந்து.

– நல்லா கேக்குது அண்ணே. சொல்லுங்க.

– அதாவது மேடம், கரன்ட் இருக்கு. மோட்டார்ல கோளாறு ஒண்ணும் இல்ல. பட்டனை அமுக்கினா முக்குது, முனகுது, சுத்தத்தான் மாட்டேங்குது. அவசரத்துக்குன்னு பழைய பிரேக் ஒண்ணு விட்டு வெச்சமே, அதுவும் திறந்துதான் இருக்கு.

– புது பிரேக்? காயில்ல கரன்ட் போகுதா?

– மீட்டர் முள்ளு சைபர்ல நிக்குது மேடம். ஒயரையே கழட்டி விட்டுட்டேன். அப்பவும் இப்படித்தான்.

– ஒயரைக் கழட்டியும் கயிறு ஓடற டிரம் சுத்தலையா?

– சுத்தல மேடம். நீங்க பதறாதீங்க. மோட்டார் ரூமுக்கே போய்ப் பாத்துட்டு அங்க இருக்கற போன்ல கூப்பிடறேன். படி ஏறணும், முட்டி வேற சரியில்ல. கொஞ்சம் நேரம் ஆகும் மேடம்.

– பாவம் மனுஷன். அந்த முட்டியோட எத்தனை மாடி ஏறணுமோ.

– கொஞ்சம் பேசாம இரு. நான் யோசிக்கணும்.

– நீ யோசிக்க ஆரம்பிச்சாலே எனக்குத்தான் வேலை கூடும்.

– காயில்ல கரன்ட் இல்ல. கரன்ட் இல்லன்னா காந்தம் இல்ல. காந்தம் இல்லன்னா எண்ணெயில வரிசை கட்டி நிக்கற இரும்புத் துகள் எல்லாம் கலைஞ்சு போய், எண்ணெய் தண்ணியா ஓடணும். அப்ப அந்த டிரம்மை எதுடா பிடிச்சிருக்கு?

– என்னைக் கேட்டா? பவுடர் செய்யறவ நீ. நான் வெறும் டெஸ்ட் பண்றவன்.

– சரிங்க, டெஸ்ட் பண்றவரே. கியூப் பவுடர் போட்ட எண்ணெயை எத்தனை தடவை டெஸ்ட் பண்ணினீங்க?

– இருநூறு தடவை. சத்தியமா இருநூறு. ஒண்ணு குறையல.

– காந்தத்தை நிறுத்தினதும் ஒவ்வொரு தடவையும் விட்டுச்சா?

– ரெண்டு செகண்டுக்குள்ள. ரிப்போர்ட்ல எழுதியிருக்கேனே. அதைப் படிச்சுட்டு நீ அழுத.

– அழல. கண்ணுல தூசி விழுந்துச்சு.

– ரெண்டு கண்ணுலயுமா? விடுக்கா. எனக்கு ஒண்ணு தோணுது. பழைய உருண்டைப் பவுடர் இருந்த வரைக்கும் இந்த மாதிரித் தொல்லையே வந்ததில்ல.

– உருண்டைக்குப் பிடி பத்தாதுன்னு முதலாளி தலைகீழா நின்னாரே, மறந்துட்டியா? கோலிக்குண்டை வரிசையா வெச்சா ஒண்ணும் ஒண்ணும் ஒரே ஒரு புள்ளியிலதான் தொடும். காந்தம் இருக்கற வரைக்கும் நிக்கும், போனதும் உருண்டு ஓடிடும். இந்தப் பிடியை வெச்சுக்கிட்டு ஸ்ட்ரெச்சரோட ஒரு ஆளைக் குலுங்காம நிறுத்தணும்னா பிரேக் அண்டா சைஸுக்கு வரும்மா, பாதியா குறைன்னாரு. அதுக்குத்தான் கியூப். தீப்பெட்டி அடுக்கற மாதிரி முகத்தோட முகம் பதிஞ்சு நிக்கும். அதே எண்ணெய், அதே இரும்பு. வடிவம் மட்டும்தான் வேற. பிடி மூணு மடங்கு.

– அப்ப விடறதுக்கும் மூணு மடங்கு அடம் பிடிக்கும்.

– என்ன சொன்ன?

– சும்மா சொன்னேன்க்கா.

– இல்ல, சரியாத்தான் சொன்ன. நான் பயந்ததும் அதுதான். அப்படி முகத்தோட முகம் ஒட்டினது காந்தம் போன பிறகும் ஒட்டிக்கிட்டே இருந்துடுமோன்னு. மூலையை மட்டும் கொஞ்சம் மழுக்கி ஒரு தினுசு செஞ்சு பாக்கறேன், ஆறு மாசம் கொடுங்கன்னு கேட்டேன். அந்த வாரம்தான் உன் ரிப்போர்ட் வந்துச்சு. இருநூறுக்கு இருநூறு. உன் தம்பியே சொல்லிட்டான், இன்னும் உனக்கு என்னம்மா பயம்னு முதலாளி சிரிச்சாரு. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன்.

– ரிப்போர்ட்ல ஒரு எழுத்துகூடப் பொய் இல்லக்கா.

– பொய்னு சொல்லல. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல என்ன பண்ணுவ?

– என்ன பண்ணுவேன்? எண்ணெய்க் கப்பைக் கழட்டுவேன், துடைப்பேன், மறுபடி மாட்டுவேன்.

– கழட்டி எங்க வைப்ப?

– போலீஸ் மாதிரி கேக்காத.

– எங்க வைப்ப?

– சோனிகேட்டர்ல. ரெண்டே நிமிஷம்.

– அந்தத் தண்ணித் தொட்டியா? ஊம்னு காது கூசற மாதிரி அதிருமே, அதுலயா?

– வேற எந்த சோனிகேட்டர் இருக்கு நம்மகிட்ட?

– ஒவ்வொரு தடவையுமா?

– ஒவ்வொரு தடவையும். சத்தியமா ஒரு தடவைகூட விட்டதில்ல. ஏன் இப்படிப் பாக்கற? நீதானே சொல்லிக் கொடுத்த. நான் வேலைக்குச் சேர்ந்த மொத நாள். பவுடர் அடியில படிஞ்சு கிடக்கும்டா, டெஸ்டுக்கு முன்னாடி எப்பவும் நல்லா அதிர வெச்சு எடு, மறந்துடாதன்னு சொன்ன. பெரிய எழுத்துல எழுதி சுவத்துல ஒட்டியிருக்கேன். இன்னும் அங்கதான் இருக்கு.

– அது உருண்டைக்குச் சொன்னதுடா.

– உருண்டைக்குன்னு நீ சொல்லல. எப்பவும்னு சொன்ன.

– ஆமா. எப்பவும்னுதான் சொன்னேன்.

– என்னக்கா இது? திட்டணும்னா திட்டு. இப்படி சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்காத.

– உன்னைத் திட்டி என்ன ஆகப் போகுது? ஒட்டிக்கிட்டு நின்னதை எல்லாம் நீயே உதறி உதறிக் கழட்டி விட்டிருக்க. ஒவ்வொரு தடவையும் உன் கப்ல இருந்தது அப்பத்தான் புதுசா கலந்த எண்ணெய் மாதிரி. நீ இருநூறு தடவை டெஸ்ட் பண்ணலடா. முதல் தடவையையே இருநூறு முறை பண்ணியிருக்க.

– முதல் தடவை விட்டுடும்தானே?

– விட்டுடும். பத்தாவது தடவையும் விடும். ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஒட்டினபடியே தங்கிடும். அடுத்த தடவை காந்தம் போட்டதும் அந்த மிச்சத்து மேல இன்னும் கொஞ்சம் வந்து அடுக்கும். மேல இருக்கற பிரேக்ல மூணு வாரமா அந்த எண்ணெய்தான் ஓடுது. ஒரு நாளைக்கு நூறு தடவை நிறுத்தி ஓட்டறாங்க. அதை யாரு எடுத்து சோனிகேட்டர்ல வெச்சாங்க?

– நீ ஒரே ஒரு தடவை என் ரூமுக்கு வந்து பாத்திருந்தா அப்பவே கண்டுபிடிச்சிருப்ப.

– வர விட்டாங்களா? அக்கா செய்யறா, தம்பி சோதிக்கறான், பாக்கறவங்க என்ன பேசுவாங்க, நீ டெஸ்ட் ரூம்ல காலே வைக்கக் கூடாதுன்னு முதலாளி சட்டம் போட்டாரு. வீட்டுக்கு வந்தா அம்மா சட்டம், தட்டுக்கு முன்னாடி ஆபீஸ் பேச்சு பேசக் கூடாது. ரெண்டு சட்டத்துக்கும் ஒழுங்கா கட்டுப்பட்டோம். ஒரு வருஷமா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இந்த எண்ணெயைப் பத்தி நீயும் நானும் ஒரு வார்த்தை பேசல.

– சார், மேடம், மோட்டார் ரூமுக்கு வந்துட்டேன். இருங்க, மூச்சு வாங்கிக்கறேன். அதாவது, டிரம் கல்லு மாதிரி நிக்குது சார்.

– அண்ணே, நான் சொல்றதைக் கேளுங்க. அந்தப் புது பிரேக் பெட்டி இருக்குல்ல, அதைச் சுத்தி நாலு பக்கமும் நல்லாத் தட்டணும். இரும்பால தட்டாதீங்க, விரிசல் விடும். மரச்சுத்தி ஏதாவது கிடைக்குமா?

– மரச்சுத்தியா சார்? அது வந்து... இங்கதான் எங்கயாவது... பாக்கறேன் சார். லைன்லயே இருங்க.

– யாரைக் கேட்டுடா அவரைத் தட்டச் சொன்ன?

– யாரைக் கேக்கணும்? சோனிகேட்டர் செய்யறதும் குலுக்கறதுதானே. அதையே சுத்தி செய்யட்டும். ஒட்டினதெல்லாம் உதிர்ந்துடும், அஞ்சு நிமிஷத்துல நாம கீழ இருப்போம். நீ முகம் கழுவி, தலை வாரிக்கிட்டு, மூணு மணிக்கு ஜம்முனு போய் உட்காரலாம்.

– உதிர்ந்த பிறகு பெட்டியைத் திறந்தா உள்ள என்ன இருக்கும்?

– எண்ணெய் இருக்கும்.

– நல்லா கலைஞ்ச எண்ணெய். உன் கப்ல இருந்த மாதிரியே. ஏன் நின்னுச்சுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ஃபியூஸ் போச்சு, பட்டன் சிக்கிக்கிச்சுன்னு ஒரு வரி எழுதி மூடிடுவாங்க. ஒட்டினது ஒட்டினபடி இருக்கறப்பவே திறந்து பாத்தாத்தான் உண்மை தெரியும்.

– தெரியாம இருக்கறதுதான் நல்லது.

– யாருக்கு நல்லது?

– நமக்குக்கா. எனக்குன்னே வெச்சுக்கயேன். நான் ஒரு வேலையில ஆறு மாசத்துக்கு மேல நின்னது இங்கதான். சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா இப்பத்தான் என்னை நாற்காலியில உட்காருன்னு சொல்றாங்க. நான் பண்ணின இருநூறும் தப்புன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு சொல்றது? சரி, என்னை விடு. அடுத்த மாசம் மொத்த லேபும் உன் கைக்கு வருதுன்னாங்க. இது தெரிஞ்சா வருமா? கியூப்னு சொன்னாலே உன்னைப் பாத்துச் சிரிப்பாங்க.

– சிரிக்கட்டும்.

– சொல்றது சுலபம். ஏழு வருஷம்க்கா. கல்யாணத்துக்கு வந்த இடத்தை எல்லாம் இப்ப முடியாது, இப்ப முடியாதுன்னு தள்ளினது இதுக்காகத்தானே?

– அதை இங்க இழுக்காத.

– இழுப்பேன். வேற யாரு உனக்காக இதைச் சொல்லுவா?

– அந்த ஸ்ட்ரெச்சரைப் பாரு. மணல் மூட்டை மகாராஜான்னு சிரிச்ச. அது மூச்சு விடாது, அதுக்கு ரத்தம் வழியாது, அது எத்தனை மணி நேரம் வேணும்னாலும் இங்க கிடக்கும். அந்த இடத்துல ஆபரேஷனுக்குப் போற ஒரு உயிரை வெச்சுப் பாரு. பக்கத்துல ஒரு நர்ஸ். கதவைத் திறந்தா சுவர். எந்தக் கோளாறும் இல்லாத எனக்கே இங்க நெஞ்சு அடைக்குது.

– இங்க வாக்கா, என் தோளைப் பிடிச்சுக்க.

– பயமா இருக்குடா. இப்பவே வெளிய போகணும் போல இருக்கு. இந்தத் தகரத்தை நகத்தால பிராண்டணும் போல இருக்கு. அதனாலதான் உன்கிட்ட சொல்றேன், என்னை நம்பாத. இன்னும் பத்து நிமிஷம் போனா, தட்டுங்க அண்ணேன்னு நானே கத்துவேன். அப்படிக் கத்தினா நீ என் வாயைப் பொத்திடு.

– தட்டலைன்னா எவ்வளவு நேரம்?

– பழைய பிரேக்கைப் போட்டு நம்ம கூண்டை முதல்ல நிறுத்தணும். அப்புறம் வொர்க்‌ஷாப்ல இருந்து ஆளு வந்து பெட்டியை அலுங்காம கழட்டணும். அப்புறம்தான் மோட்டாரைச் சுத்தி நம்மளை இறக்க முடியும். சாயங்காலம் ஆயிடும்.

– சாயங்காலம் வரைக்கும் நீ தாங்குவியா?

– தெரியல. நிஜமாத் தெரியல.

– எனக்கு ஒண்ணுக்கு வேற வருதுக்கா.

– டம்ளர் தண்ணியைக் கீழ ஊத்திட்டு டம்ளரை எடுத்துக்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

– சிரிக்கற. நல்லவேளை, சிரிக்கற. சரி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நான் ஒழுங்கா பண்ணியிருந்தா, அந்தத் தொட்டியில வைக்காம பண்ணியிருந்தா, உனக்கு அந்த ஆறு மாசம் கிடைச்சிருக்குமா?

– கிடைச்சிருக்கும்.

– மூலையை மழுக்கியிருப்ப. இது நடந்திருக்காது.

– நடந்திருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா தெரிஞ்சிருக்கும்.

– அப்ப அந்தப் போன் பட்டனை நீ தொடாத. நானே சொல்றேன். அண்ணே, கேக்குதா? நான்தான் பேசறேன்.

– கேக்குது சார். இன்னும் தேடிட்டுத்தான் இருக்கேன் சார்.

– தேடாதீங்க. தட்ட வேண்டாம். சுத்தி கிடைச்சாலும் வேண்டாம். அந்தப் பெட்டி மேல விரல்கூடப் படக் கூடாது. பழைய பிரேக்கைப் போட்டுட்டு வொர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணுங்க. நான் பண்ணின டெஸ்ட் தப்பு, அதான் நின்னுடுச்சுன்னு என் பேரைச் சொல்லியே சொல்லுங்க.

– உங்க டெஸ்ட்டா சார்? அதெல்லாம் நீங்க ஏன் சார் தலையில தூக்கிப் போட்டுக்கறீங்க?

– நான் எப்பவும் எண்ணெயை அதிர வெச்சுட்டு டெஸ்ட் பண்ணிட்டேன் அண்ணே. அதிர வைக்கலைன்னா அது ஒட்டிக்கும்னு எனக்குத் தெரியல. யாருக்குமே தெரியல.

– அப்படிச் சொல்லாதீங்க சார். மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

– என்ன அண்ணே? எதையோ முழுங்கற மாதிரி இருக்கு. சொல்லுங்க, நான்தான் கேக்கறேன்.

– மேடம், நான் சொன்னேன்னு வெளிய போகக் கூடாது. ரெண்டாவது வாரத்துல இருந்தே தினம் காலையில இது ஒட்டிக்கிட்டுத்தான் கிடக்கும். நான் வந்து ஒரு தட்டு தட்டினாத்தான் அன்னைக்கு ஓடும். முதலாளிகிட்ட போய்ச் சொன்னேன். அவரே ஒரு மரச்சுத்தி வாங்கிக் கொடுத்து, தட்டிக்கிட்டு இரு, மேடம் காதுல மட்டும் போட்டுடாதன்னாரு. நேத்தும் இன்னைக்கும்தான் தட்டாம, கையால ஆட்டி ஆட்டி ஓட்டி விட்டேன்.

– ஏன், சுத்தி எங்க போச்சு?

– அது ஆஸ்பத்திரியில இருக்கு மேடம். முந்தாநாள் அங்க இதே மாதிரி இன்னொரு பிரேக்கை மாட்டினப்பவே அதையும் கொடுத்துட்டு வந்துட்டாங்க, நேத்துல இருந்து அந்த லிஃப்ட்லதான் நோயாளிங்களை ஏத்தி இறக்கறாங்க.